மூன்று வாரம் சந்தோஷப்படக் கூடாது

சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைய வேண்டியிருக்கிறதே, இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் நம்புவார்களா, நம்பினாலும் சிரிக்காமல் கேட்பார்களா? எனக்கே சிரிப்பாகத்தானே இருக்கிறது. இல்லை, சிரிப்பு இல்லை. சிரிப்பு மாதிரி வேறு என்னவோ.

இப்படி மனசுக்குள் பேசிக்கொண்டே அவள் பின்பக்கக் கேட்டின் முன்னால் நின்றாள். வலது கையில் இரண்டு செருப்பும். இடது தோளில் பை. கேட்டின் கொண்டி கிறீச்சிடும் என்று காலையிலேயே அதற்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். சோபாப் பட்டறையில் நாள் முழுக்க உறை தைக்கிறவளுக்குப் பசை வாடையும் ரெக்சின் வாடையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், கிளம்பும்போது முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டாயிற்று. ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நடந்து வந்தாயிற்று. காற்றின் திசை பார்த்து வர வேண்டும் என்பது மாமனாரின் யோசனை. காலையில் மொட்டைமாடிக்குப் போய் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார்.

துணி உலர்த்தும் இடத்தைப் பூனை மாதிரி கடந்தாள். சமையலறைக் கதவின் கைப்பிடியில் விரல் வைக்கப் போனாள். வைக்கக்கூட இல்லை. வீட்டின் மறுகோடியில், முன்வாசல் நடையிலிருந்து அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

டப். டப். டப்டப்டப்.

“ஆறு பன்னெண்டு,” என்றது மாமனாரின் குரல். நோட்டுப் புத்தகம் புரளும் சத்தமும் கூடவே கேட்டது. “மிகக் கனமானது.”

“அம்மா!” என்று மகள் கத்தினாள். “பின்பக்கமா வான்னு சொன்னமில்ல?”

“பின்பக்கமாத்தாண்டி நிக்கறேன். இன்னும் உள்ளயே வரல.”

“அப்ப மூச்சு விட்டிருப்பே.”

அவள் கதவைத் திறந்து, செருப்பைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், அப்படியே நின்றாள். பையை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் தைத்த ஒன்று அதற்குள் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாய் இந்த வீட்டுக்குள் வந்தபோது ஒரு துண்டுக்குள் அடங்கியிருந்தது. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். இருபது வருஷமாக அடுத்தவர்கள் ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தே வாழ்ந்தவர் என்பதால், வீட்டில் யாராவது வேகமாக நடந்தாலும் அவருடைய வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் தானாகத் தரையை அழுத்தும். அவரிடம் மூன்று முறை தோற்று நான்காம் முறை லைசென்ஸ் வாங்கிய ஒரு மாணவர் வெளிநாடு போகிறபோது நன்றிக்கடனாகக் கொடுத்த குட்டி அது. “கிரேட் டேன் சார். வீட்டுக்குள்ளயே வளர்ற ஜாதி. ரொம்ப சாது,” என்று சொல்லிக் கொடுத்தாராம். சொன்னது எதிலும் பொய்யில்லை. எவ்வளவு பெரிதாகும் என்று இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மகள் பார்த்தவுடனே பொடியன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவள் மட்டும்தான் அதன் முன்காலைப் பிடித்துப் பார்த்தாள். பாதம் தேநீர்க் கோப்பையின் தட்டு அளவுக்கு இருந்தது. கழுத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. “வளர்ற பிள்ளைக்குத் தைக்கற சட்டை மாதிரி உள்ள நிறைய மடிச்சு விட்டிருக்குங்க. எல்லாத்தையும் ஒரு நாள் பிரிச்சு விடும்,” என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரே வருஷத்தில் பொடியன் எல்லா மடிப்பையும் பிரித்து விட்டுவிட்டான். எழுபத்தெட்டு கிலோ. சாம்பல் நிறத்தில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே தலை வருகிற உயரத்தில், வீட்டுக்குள் ஒரு பீரோ நடந்து போகிற மாதிரி இருந்தது.

பொடியன் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. மேஜைமேல் இருப்பதைத் திருட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. நின்ற இடத்தில் நாக்கை நீட்டினால் தட்டு காலி. அதில் திருட்டு என்கிற எண்ணமே அவனுக்கு வராது. குக்கர் விசில், பலூன், விரித்த குடை, எதிர்வீட்டுப் பூனை ஆகிய நான்கைக் கண்டால் அவள் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். ஒளிந்துகொள்வதாக அவன் நினைப்பு. அவள் இரண்டு பக்கமும் அவன் தெரிவான். தலையை ஒரு உலுக்கு உலுக்கினால் ஜொள்ளு நூல் நூலாகப் பறந்து மின்விசிறி இறக்கையில் போய்த் தொங்கும். முன்வாசலிலிருந்து கூடத்துக்கு வருகிற நடை மூன்றடி அகலம்தான். அதற்குள் நுழைந்தால் அவனால் திரும்ப முடியாது. அதனால் கணவர் அவனுக்கு ரிவர்ஸ் பழக்கியிருந்தார். “ரிவர்ஸ், ரிவர்ஸ், கொஞ்சம் லெஃப்ட் ஒடி, நேரா வா” என்றால் அந்த மலை அப்படியே பின்னால் நகர்ந்து கூடத்துக்கு வரும். அவரிடம் படித்தவர்களில் முதல் தடவையிலேயே ரிவர்ஸ் கற்றுக்கொண்டது அவன் ஒருவன்தான்.

நாய் அவருடைய நாய் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். காலையில் சங்கிலியோடு அவரை அவன் இழுத்துக்கொண்டு போவான். மகளின் போனில் அவன் படம் நூற்றுக்கணக்கில். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓடினால் இவ்வளவு பெரிய நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மாமனார் கடிகாரத்தோடு பக்கத்தில் காவல் உட்காருவார். அவளுக்கும் நாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: தரையில் படுத்துப் படுத்து அவன் முழங்கை காய்ப்புக் காய்த்தபோது பட்டறையில் மிஞ்சிய ஃபோமில் இரண்டு முழங்கை உறை தைத்தாள். ஆறடிக்கு நாலடி மெத்தை ஒன்று, அதற்கு ஜிப் வைத்த உறை மூன்று. இடுப்பில் எப்போதும் ஒரு ஜொள்ளுத் துணி. தட்டு தரையில் இருந்தால் குனிந்து சாப்பிட முடியாதே என்று பழைய மிஷின் ஸ்டாண்டை வெட்டி ஒரு மேஜை. இத்தனையும் திட்டிக்கொண்டேதான். “இது நாயா, எருமையா? இதுக்குத் தைக்கற நேரத்துல ஒரு சோபா செட்டு முடிச்சிருப்பேன்.” வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள்: “ஒண்ணு இந்த வீட்ல இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.” யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவள் சொன்ன பல விஷயங்களில் அதுவும் ஒன்று.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, நடையின் இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் சிவப்புக் கோடு கோடாக இருந்தது. கூரியர் கொடுக்க வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் போயிருந்தாராம். பொடியனின் வால் நுனி பிளந்திருந்தது. சாட்டை மாதிரி நீண்ட அந்த வால், ஆடும்போதெல்லாம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி மோதிப் பிளந்துவிட்டது. ஆறுவதற்குள் மறுபடி ஆடும், மறுபடி பிளக்கும். மாமனாரின் வெள்ளைச் சட்டைகளில் தெறித்த பொட்டுக்கள் சலவைக்குப் போயும் போகவில்லை.

கால்நடை டாக்டர் குட்டையான பெண்மணி. ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் பொடியனின் காதைப் பார்ப்பார். அன்றைக்கு வாலைப் பார்க்க ஸ்டூல் தேவைப்படவில்லை.

“நோய் ஒண்ணும் இல்ல,” என்றார். “நீளமான வால், குறுகலான வீடு, நாய்க்கு சந்தோஷம் ஜாஸ்தி. அவ்வளவுதான்.”

“இதுக்கு என்ன மருந்து டாக்டர்?” என்றார் கணவர்.

“கட்டுப் போட்டு விடறேன். ஆனா வால் ஆடுனா கட்டு நிக்காது. மூணு வாரம் இவன் சந்தோஷப்படக் கூடாது.”

“அதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா?”

“சந்தோஷப்படாம இருக்கவா? நமக்கெல்லாம் யாரு சார் மாத்திரை குடுத்தாங்க?” டாக்டர் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னார். “மூணு வாரத்துல ஆறலன்னா பாதி வாலை எடுத்துட வேண்டியதுதான். உள்ள எலும்புக்குப் போயிட்டா அப்புறம் கஷ்டம்.”

அன்றிலிருந்து வீட்டில் சந்தோஷம் தடைசெய்யப்பட்டது. கணவர் வேலையிலிருந்து வரும்போதே வாசலில் நின்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். மகள் போனில் சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள். பொடியன் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். டிவியை ஊமையாக வைத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் பக்கத்து வீட்டம்மா வந்து, தாழ்ந்த குரலில், “யாரு தவறிட்டாங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாமனார் முப்பத்துநாலு வருஷம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் தண்ணீர் அளந்து எழுதுவதுதான் வேலை. மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்து, பெய்யவில்லை என்று எழுத வேண்டும். ஓய்வு பெற்றபின் அளக்க ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு இந்த வால் கிடைத்தது. கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், ஆட்டத்தின் அளவு என்று மூன்று பத்தி பிரித்து எழுத ஆரம்பித்தார். அளவுக்குப் பழைய வார்த்தைகளே கைகொடுத்தன: லேசானது, மிதமானது, கனமானது, மிகக் கனமானது.

பத்தாம் நாளும் வால் ஆறவில்லை. எல்லாரும் அவ்வளவு துக்கமாக இருந்தும் கட்டு தினமும் பறந்தது. ஒரு தடவை பறந்துபோய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்குள் விழுந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு ரொட்டி. மாமனார் நோட்டோடு மேஜைக்கு வந்தார்.

“பத்து நாள் பதிவை வெச்சுச் சொல்றேன்,” என்று தொண்டையைச் செருமினார். “காலைல லேசானது. மத்தியானம் வறண்ட நிலை. சாயங்காலம் ஆறு பத்துலேர்ந்து ஆறே கால்குள்ள, தினமும், மிகக் கனமானது. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல.”

“நான் ஆறு மணிக்கு வர்றனே, அதான்,” என்றார் கணவர். முகத்தில் ஒரு பெருமை. உடனே அதை மறைத்துத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“வியாழக்கிழமை நீ எட்டு மணிக்கு வந்தேடா. அன்னிக்கும் ஆறு பத்து.”

“தாத்தா, நான் டியூஷன் முடிச்சுட்டு வர்ற நேரம் அது,” என்றாள் மகள்.

“நீ அஞ்சரைக்கு வர்றே. அது மிதமானதுன்னு தனியா இருக்கு.”

வாதம் முற்றியது. கடைசியில் சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. வாலுக்கு நல்ல தடிமனாகத் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒவ்வொருவராக வெளியே போய், ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே வர வேண்டும். முதலில் கணவர். கதவைத் திறந்து, வேண்டுமென்றே இரண்டு தடவை செருமிவிட்டு வந்தார். பொடியன் நிமிர்ந்து பார்த்தான். வால் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போய் நின்றது. “லேசானது,” என்று எழுதிக்கொண்டார் மாமனார். கணவர் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். மகளுக்கு மிதமானது. “போன தடவை பிஸ்கட் யாரு குடுத்தா? நன்றி கெட்டவனே,” என்று அவள் அழாத குறை.

“நீயும் ஒரு தடவை போயிட்டு வாயேம்மா, கணக்கு முழுசா இருக்கட்டும்,” என்றார் மாமனார்.

அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. சலித்துக்கொண்டே போனாள். குப்பைக் கூடையைக் கையோடு எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நடையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த உருவத்தைப் பார்த்து வழக்கம்போல, “தள்ளுடா எருமை, வழியில நின்னுகிட்டு,” என்றாள்.

வால் சுழன்றது. ஆடியது என்று சொல்ல முடியாது. இடுப்பிலிருந்து முழு உடம்பும் வளைந்து, சுவரில் டப்டப்டப் என்று அறைந்து, சுற்றிய துண்டு பிரிந்து விளக்கில் போய் மாட்டியது. பொடியன் தன் தலையை அவள் தோளில் வைத்து, எழுபத்தெட்டு கிலோவையும் அவள் மேல் சாய்த்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமனாரின் பென்சில் நோட்டைத் தொடாமல் நின்றது.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல.

“நீ என்ன பண்றே அவனை?” என்றார் கணவர்.

“நான் என்ன பண்ணேன்? திட்டுனேன்.”

அன்று படுத்தபின் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தவறி வேறு யாருக்கோ வந்த பரிசைக் கையில் வாங்கிவிட்ட மாதிரி. நான் அதைத் தடவிக்கூடக் கொடுத்ததில்லையே. மூன்று வருஷமாக அந்த வால் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள், நாய் என்றால் வாலாட்டும், யார் வந்தாலும் இப்படித்தான் ஆட்டும் என்று நினைத்திருந்தாள். மற்றவர்கள் வரும்போது அவள் வாசலில் இருந்து பார்த்ததில்லை. சமையலறையில் இருப்பாள்.

மறுநாள் பட்டறையில் ஒரு சாய்வு நாற்காலி உறையின் ஓரத்துக்குப் பைப்பிங் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது யோசித்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் ஒரு வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். வந்தவுடன் கேட்கிற முதல் வார்த்தை என்ன? ‘வந்துட்டியா, மோட்டார் போடு.’ ‘வந்துட்டியா, என் ஐடி கார்டு எங்க?’ ‘வந்துட்டியாம்மா, அந்த மாத்திரை தீர்ந்துபோச்சு.’ யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, ரசம் வைக்கத் தெரியாதவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அன்பு இருக்கிறது. ஆனால் அவள் உள்ளே வரும்போது அவர்கள் பார்ப்பது அவளுடைய கையை. கையில் என்ன இருக்கிறது என்று. முகத்தை எப்போது பார்த்தார்கள் என்று நினைவுபடுத்தப் பார்த்தாள். ஊசி ரெக்சினைத் தாண்டி விரலில் இறங்கியது.

அதற்குப் பிறகு இன்னொரு வெட்கக்கேடும் நடந்தது. சாயங்காலம் ஐந்து மணியானால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. கிளம்புமுன் பட்டறைக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்வதை, துணி வெட்டுகிறவள் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, கொஞ்ச நாளா ஒரு மார்க்கமா இருக்கீங்க. யாரைப் பாக்கப் போறீங்க?”

“வாயை மூடிட்டு வெட்டுடி. அளவு தப்பிரும்.”

“ஆளு உயரமாக்கா?”

“எழுந்து நின்னா ஆறரை அடி,” என்று சொல்லிவிட்டு, அவள் வாயைப் பிளந்ததைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

ஆனால் வீட்டில் அவள் வரவு இப்போது ஆபத்தாகிவிட்டிருந்தது. பின்பக்கமாக வா, செருப்பைக் கழற்றிவிட்டு வா, திட்டாதே, அவரைப் பார்க்காதே, காற்றுப் பார்த்து வா. பொடியனைக் கூடத்தில் கட்டிவைத்துப் பார்த்தார்கள். ஆறு பத்துக்குச் சாப்பாட்டு மேஜையை இழுத்துக்கொண்டு நடைக்குப் போய் நின்றான். அவள் ஒரே ஒரு யோசனை சொன்னாள். பட்டறையில் கழிவு ஃபோம் கிடைக்கும், நடையின் இரண்டு சுவருக்கும் இடுப்பு உயரத்துக்கு உறை தைத்து மாட்டிவிடலாம்.

“சுவருக்கு உறையா? வர்றவங்க இது வீடா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியான்னு கேக்க மாட்டாங்க?” என்றார் கணவர். “ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்ச் போயிடும். அப்புறம் அவன் எப்படித் திரும்புவான்?”

“இப்பவும் திரும்பறதில்லையேங்க. ரிவர்ஸ்லதானே வர்றான்.”

கணவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார், பேச்சு அத்துடன் முடிந்தது. இருந்தாலும் நான்கு நாளாகத் தினமும் ஒரு ஃபோம் பலகையாக அவள் கொண்டுவந்து பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்தில் சாத்தி வைத்திருந்தாள். மகள் அதன்மேல் ஈரத் துணியைப் போட்டு வைத்திருந்தாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்ளலாமா எடுத்துவிடலாமா என்று சொல்வார். அவள் கையில் செருப்போடு சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. கணவரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால், கூடத்தின் நடுவில், அவளுடைய நீலப் பயணப் பை. ஜிப் போட்டு, பூட்டுக்கூட மாட்டி, தயாராக இருந்தது.

நடையிலிருந்து டப்டப் கேட்டுக்கொண்டிருந்தது.

“உக்காரு,” என்றார் கணவர்.

அவள் உட்காரவில்லை.

“அக்கா வீட்டுக்குப் போகணும் போகணும்னு சொல்லிட்டே இருப்பியே. ஒரு மூணு வாரம் போயிட்டு வா. நிம்மதியா இரு. அக்காகிட்டப் பேசிட்டேன். உன் பட்டறை முதலாளிகிட்டயும் பேசிட்டேன், லீவு தர்றேன்னுட்டார். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட இன்னும் மூணு வாரம் டைம் கேட்டுக்கலாம்.”

“எல்லாம் வெச்சிட்டேம்மா,” என்றாள் மகள். “உன் தலைவலி மாத்திரை, போர்வை, அந்தப் பச்சை ஸ்வெட்டர். படிக்கற கண்ணாடி சைடு பாக்கெட்ல இருக்கு.”

அவள் அந்தப் பையைப் பார்த்தாள். அக்காவின் இரண்டாம் பிரசவத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது மகளுக்குப் பரீட்சை. அக்கா கால் உடைந்து படுத்திருந்தபோது வீட்டுக்கு வெள்ளையடிப்பு. ‘ஒரு வாரம்’ என்று கேட்டு, ‘நாலு நாள்’ என்று குறைத்து, கடைசியில் போன வேகத்தில் ஒரே பகலில் திரும்பி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்காக யாரும் ஒரு பையைக் கட்டி வைத்ததில்லை. இன்று கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு ஒழுங்காக. தலைவலி மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறதே. அப்படியானால் இத்தனை நாள் என்னை ஏன் கேட்டாள்?

“சமையல்?” என்றாள்.

“நாங்க பாத்துக்கறோம்,” என்றார்கள் மூன்று பேரும், ஒரே குரலில்.

“மோட்டார்?”

“போடத் தெரியும்மா,” என்றார் மாமனார். தெரியும் என்று சொல்லிவிட்டோமே என்று தோன்றியது போலும். நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

“நீயேதானே சொல்லுவே?” என்றார் கணவர், சிரிக்க முயன்று. “ஒண்ணு இந்த வீட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு. மூணு வாரம்தானே. அதுக்கு நல்லதுக்குத்தான். பாவம், வால் போயிடும்.”

அவர் கண்ணில் உண்மையாகவே கலக்கம் இருந்தது. நாயின் மேல் அவருக்கு இருந்த பிரியம் பொய்யில்லை. லேசானது என்று எழுதப்பட்ட நாளிலிருந்து அவர் காலையில் அவனோடு நடக்கும்போது முன்னைவிட அதிகமாகப் பேசிக்கொண்டு போகிறார் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லியிருந்தார். அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வருவதற்குப் பதிலாக, அவர் தோளில் ஒரு தடவை தட்டிக்கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. தட்டவில்லை. கையில் செருப்பு இருந்தது.

ஆறு மணிக்கே அவன் அங்கே போய் நின்றிருப்பான். அக்கா வீட்டுக்குப் போனால் நாளைக்கும் ஆறு மணிக்குப் போய் நிற்பான். நாளை மறுநாள் ஞாயிறு, நிற்க மாட்டான். திங்கட்கிழமை நிற்பான். வால் ஆடாமல் நிற்பான். ஆறிவிடும்தான். மாமனார் ‘வறண்ட நிலை’ என்று எழுதுவார். எத்தனை நாள் வறண்டால் ஒரு நாய் கதவைப் பார்ப்பதை நிறுத்தும் என்று அந்த நோட்டில் பத்தி இருக்கிறதா?

“நான் போகல,” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. மோட்டார் போட்டாச்சு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனால் அது அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் அவள் பின்வாசலில் செருப்பைப் போட்டுவிட்டு, பின்பக்கம் போய், ஃபோம் பலகைகளின் மேல் கிடந்த ஈரத் துணிகளை எடுத்துக் கொடியில் போட்டு, இரண்டு இரண்டாக உள்ளே தூக்கி வந்தாள். ஆணி தேவைப்படவில்லை. பொடியனைச் சுவரோரம் கொஞ்சம் நகர்த்தி, பலகையைச் சாத்தி, அவனையே முட்டுக்கொடுக்க வைத்து, அடுத்த பக்கமும் சாத்தினாள். அளவு கச்சிதமாக இருந்தது. இருக்காமல் என்ன. பிறகு தோள்பையைத் திறந்து, மத்தியானம் தைத்ததை எடுத்தாள். மரூன் ரெக்சினில் ஒன்றரை அடி நீள உறை. உள்ளே மெத்தென்ற ஃபோம், காற்றுப் போக வரிசையாகச் சின்னத் துளைகள், மேலே இடுப்போடு சேர்த்துக் கட்ட இரண்டு பட்டை. அந்த வாரம் போன ஒரு சோபாவின் மிச்சத் துணி. வாலில் மாட்டிப் பட்டையை இறுக்கினாள். பொடியன் திரும்பிப் பார்க்க முயன்றான், நடையில் முடியவில்லை. அவள் கையை மட்டும் நக்கினான்.

“சோபாக் கை மாதிரி இருக்கு,” என்றாள் மகள், நடையின் கோடியிலிருந்து எட்டிப் பார்த்து. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கக் கூடாதே.

“இது நிக்காது. டாக்டர் போட்டதே நிக்கல,” என்றார் கணவர். “சொன்னாக் கேளு. வாலோட விளையாடாதே. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு.”

அவள் பின்வாசலுக்குப் போனாள். அங்கே விட்டிருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். அப்படியே வெளியே இறங்கினாள்.

போய்விட்டாள் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மகள் வருகிற சத்தம் கேட்டது. அவள் நிற்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்கும்படியாகவே நடந்தாள். காற்று முதுகிலிருந்து அடித்து, அவளுடைய வாடை முழுவதையும் அவளுக்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்வாசல் படியில் ஏறினாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு, கதவின் அடி இடுக்கில் வந்து முட்டி முட்டிப் போயிற்று.

“வேணாம்!” என்று உள்ளிருந்து கணவரின் குரல். “திறக்காதே! உனக்குக் கோடிப் புண்ணியம், பின்பக்கமாவே வா!”

அவள் கூந்தலை ஒரு தடவை ஒதுக்கிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

நடை முழுவதும் பொடியன்தான் இருந்தான். அவன் கால்களுக்கு நடுவே, கூடத்து வெளிச்சத்தில், கணவரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் காதுகளுக்கு மேலே, மாமனார் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நோட்டை விரித்து, பென்சிலைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்திருந்தார். அந்த மரூன் வால், ஒரு பக்கமாக, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் பின்னால் போய் ஏறி நின்றது.

“தள்ளுடா எருமை,” என்றாள் அவள்.